கதிரவன் எழுதிய டிரைவர்

ஜூன் 10, 2024, திங்கள்

திருத்தங்கல் பட்டாசு கம்பெனி மேனேஜர் தனுஷ்கோடி அண்ணாச்சி போன் செய்தார். விண்டோஸை எடுத்துவிட்டு எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போடுகிறார்களாம். எந்த அறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று காட்டும் எங்கள் புரோகிராம் அதிலும் ஓட வேண்டும்.

"ஆடிக்கு முன்னாடி முடியுமாம்மா? இல்லேன்னா சென்னையில குடுத்துருவோம். கோவிச்சுக்கிடாதீக."

முடியும் என்றேன். எந்தத் தைரியத்தில்? திரைகள் மட்டும்தான் நான் செய்தவை. டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுத்துத் தரும் 'டிரைவர்' என்கிற பகுதி முழுக்க என் வீட்டுக்காரர், இவர் எழுதியது. மாசியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு வலது கையும் பேச்சும் இல்லை. நாம் சொல்வது புரிகிறது. பதில்தான் வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 14, வெள்ளி

விண்டோஸில் மட்டும் ஓடக்கூடிய வரிகள் அறுபத்தொன்று. ஒவ்வொன்றாக மாற்றுகிறேன். அந்த நினைப்பில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போக மறந்தே போனேன். இவர் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கட்டிலில் காத்திருந்திருக்கிறார். பாவி நான்.

ஜூன் 25, செவ்வாய்

லினக்ஸில் ஓடிவிட்டது — தப்பாக. பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் அறையில் நான்கு பேர் இருந்தால், கோடிக்கணக்கில் ஆள் காட்டுகிறது. அளவுக்கு மேல் ஒருவர்கூட நுழையக் கூடாத அறை அது. இதை நம்பி யாரை உள்ளே அனுப்புவார்கள்?

ஜூலை 2, செவ்வாய்

ஒரு வாரமாகத் தேடுகிறேன். இவர் பக்கத்தில் வந்து நின்று திரையைத் தட்டினார். "சும்மா இருங்க, ஒங்களுக்கு இப்ப இதெல்லாம் புரியாது" என்றுவிட்டேன். திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

என் வாய்தானா அது?

ஜூலை 3, புதன்

காலையில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கன்னத்தில் தட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். இடது கையால் ஒவ்வொரு வரியாக நகர்த்திப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி நான்கு விரல் காட்டினார். பிறகு இரண்டு முறை நான்கு.

"எட்டா? எட்டு மணிக்கு என்ன?"

சிரித்துவிட்டார். மாசிக்குப் பிறகு இன்றுதான் அந்தச் சிரிப்பு. 'லாங்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். அப்போதுதான் புரிந்தது. அந்த வகை எண்ணை விண்டோஸ் நான்கு பைட் இடத்தில் வைக்கிறது, லினக்ஸ் எட்டில். பக்கத்து எண்ணையும் சேர்த்து விழுங்கி வாசித்திருக்கிறது. புரியாது என்று சொன்னேனே, இவரிடம் போய்!

மாற்றினேன். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே எண்ணிக்கை.

ஜூலை 12, வெள்ளி

இருவருமாகத் திருத்தங்கலுக்குப் பஸ்ஸில் போனோம். வேலையாட்களை மேற்பார்க்கும் போர்வுமன் கற்பகம் அக்கா அறை அறையாகப் போய் ஆள் எண்ணிச் சொல்ல, திரையோடு ஒத்துப்பார்த்தோம். எல்லாம் சரி. அண்ணாச்சி என்னைப் பாராட்டினார். "தப்பைக் கண்டுபிடிச்சது இவுக" என்றேன்.

இத்தனை மாதமாக எல்லாரும் இவரைப் பற்றி என்னிடம்தான் விசாரிப்பார்கள். அண்ணாச்சி நாற்காலியைத் திருப்பிப் போட்டு இவர் முகத்தைப் பார்த்தார்.

"கதிரவன், இன்னும் ரெண்டு யூனிட்டுக்கு இதைப் போடணும். செஞ்சு தருவீகளா?"

இவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அதுவரை அண்ணாச்சி அவசரப்படவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் வருவதற்குள் இவர் எடுத்துவிட்டார்.

"சொ... ல்லுங்க."

போனில் அண்ணாச்சி குரல். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். இவர் தரவில்லை. நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "நாளைக்கு... வாரேன்" என்றார்.

மாசிக்குப் பிறகு போனில் இவர் குரல் இன்றுதான். நான் மாவுக் கையோடு அங்கேயே நின்றேன்.