கராஜ் சுவரில் ஓடிய ருஷ்யப் படம்

அக்கா,

உன் கராஜைக் காலி செய்தபோது அந்தச் சிவப்பு பூட்ஸ் கிடைத்தது. உள்ளே இன்னும் உன் கால் வாடை. ருஷ்யாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனவள் நடனமும் கற்று, அதோடு திரும்பி வந்தாய். பட்டத்தைவிட பூட்ஸைப் பற்றித்தான் அதிகம் பீற்றிக்கொள்வாய்.

அமெரிக்காவில் இந்த சுகர் லேண்டுக்கு வந்த பிறகும் ஆட்டத்தை விடவில்லை. வாரக்கடைசியில் இந்த கராஜில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும்போது சுவரில் பழைய படம் ஒன்றை ஓட்டுவாய். ருஷ்ய பாலேயில் வரும் நாட்டுப்புற ஆட்டத்தை, சினிமா பிறந்த புதிதில், கையால் சுற்றும் கேமராவில் யாரோ பிடித்தது. அதில் ஒருவன் குந்தி உட்கார்ந்தபடியே காலை வீசி வீசிப் பறப்பான். என் மகள் மீராவை அவன் முன்னால் நிறுத்துவாய்.

"டூ ஃபாஸ்ட், பெரியம்மா."

"அவன் ஆடுறான்ல? நீ என்னடி, சுகர் பேஷண்ட் வாக்கிங் போற மாதிரி ஆடுற?"

மற்ற பிள்ளைகள் சிரிக்கும்வரை காத்திருப்பாய். அவனைத் துரத்தித் துரத்தியே மீராவுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. "அவளுக்கு மூட்டே வீக்" என்றாய், டாக்டரம்மா.

நீ சாகக் கிடந்தபோது ஒருநாள் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நீயாகவே ஆரம்பித்தாய். "அந்தக் காலத்துப் படத்தை இப்போ உள்ள மெஷின்ல போட்டா வேகமாத்தான்டி ஓடும். எனக்கு அப்பவே தெரியும். சரியான ஸ்பீடுல வச்சா மீரா அவனைவிட நல்லா ஆடிருப்பா. அப்புறம் டீச்சர்னு நான் எதுக்கு?"

கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மறுபடி ஊட்டவில்லை.

உன் நினைவுக் கூட்டத்தில் லேப்டாப் என் பொறுப்பு. நீ இளவயதில் இதே பூட்ஸில் ஆடிய வீடியோவை வேகம் கூட்டி ஓட்டினேன். கொதிக்கும் தரையில் விட்ட கோழி மாதிரி குதித்தாய். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு அங்கிள், ஆன்ட்டி எல்லோரும். அத்தான்கூட வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மீரா காலை இழுத்தபடி மேடைக்கு வந்தாள். "ஸ்டாப் இட், அம்மா. ஷி வாஸ் குட்" என்று வேகத்தைச் சரியாக வைத்தாள். கூட்டம் அடங்கிவிட்டது. நன்றாகத்தான் ஆடியிருக்கிறாய், பாவி.

வீட்டுக்குத் திரும்பும்போது, கார் ஃப்ரீவேயிலிருந்து இறங்கியதும் மீரா ஒன்றே ஒன்று சொன்னாள்: "யூ ஆர் ஜஸ்ட் லைக் ஹெர்."

இந்த பூட்ஸைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். எதற்கோ காலில் மாட்டிப் பார்த்தேன், அக்கா. எனக்குக் கச்சிதமாக இருக்கிறது.