பொத்தான் மாறிப்போன பேட்டி

செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவும் நலம்தான், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்ற நம்பிக்கையில்தான் இங்கே நாள் ஓடுகிறது. வீடியோ வகுப்பில் சேர்ந்திருக்கிறேன் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாயே, நன்றாகச் சிரி. கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி மட்டம் பார்ப்பதில் வகுப்பில் என்னை அடிக்க ஆள் இல்லை. இப்போதெல்லாம் எங்கே போனாலும் வெளிச்சம்தான் கண்ணில் படுகிறது. சமையலறை ஜன்னலில் வெயில் சாய்ந்து விழுவதைப் பார்த்தபடி நின்றுவிடுகிறேன், பால் பொங்கி அப்பா வந்து அடுப்பை அணைக்கிறார்.

போன வாரம் வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுத்து வரச் சொன்னார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்து, வேலை பார்த்த காலத்தைப் பற்றி மேடைப் பேச்சு மாதிரி பேசினார். கடைசியில் உன்னைப் பற்றிக் கேட்டதும், அதெல்லாம் எதுக்கு, நிறுத்து என்றார். நிறுத்திவிட்டு, கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனேன். மறுநாள் வகுப்பில் போட்டால் அப்பா சொன்ன ஒரு பதிலும் பதிவாகவில்லை, தரையும் திரைச்சீலையும் என் முழங்கையும்தான் வருகின்றன. முதல் தடவை பொத்தான் சரியாக அழுந்தவில்லையாம், அதிலிருந்து நான் எடுத்தபோதெல்லாம் கேமரா நின்றும், நிறுத்தியபோதெல்லாம் ஓடியும் இருக்கிறது. கொஞ்சம் ஓடியதுமே எல்லாரும் சிரித்தார்கள், படத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டோம். எனக்கும் இப்படி நடந்திருக்கு, அழிச்சிட்டு மறுபடி எடுங்க என்றார் ஆசிரியை.

அழிப்பதற்கு முன் மத்தியானம் தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். நம் வீட்டையே கனவில் பார்ப்பது போல இருந்தது, திரைச்சீலை மெல்ல ஊதி அடங்குகிறது, சுவரில் வெயில் நகர்கிறது. கடைசித் துண்டில் நான் தண்ணீருக்குப் போன பிறகு அப்பா மட்டும் இருக்கிறார். மெதுவாகப் போனை எடுத்துக் காதில் வைக்கிறார், யாரையும் கூப்பிடவில்லை. அப்பா பேசறேன் என்கிறார், அதட்டலாக. தலையை ஆட்டிவிட்டுக் கொஞ்சம் தணிந்து மறுபடி சொல்கிறார். அன்னிக்கு நான் உன்னை வழியனுப்ப வந்திருக்கணும்மா என்று ஆரம்பிக்கிறார், அதற்குமேல் குரல் வரவில்லை. நீ கிளம்பிப் போனதிலிருந்து ஒன்றரை வருஷமாக நீங்கள் இருவரும் பேசாமல் இருக்கிறீர்கள், அவருக்குப் பிடிவாதம் என்றே நானும் நினைத்திருந்தேன். பைத்தியக்காரி நான், அழுதுவிட்டேன்.

இந்தப் படத்தை உனக்கு அனுப்ப மாட்டேன், எனக்கே அவர் காட்டாதது. அழிக்கவும் மனசு வரவில்லை. அவராகக் கூப்பிட மாட்டார், அதனால் நீ கூப்பிடு, என் நம்பருக்கு வேண்டாம். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அவர் போனை எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தமே வராது. வைத்துவிடாதே.

உன் அம்மா