விடியுமுன் திறக்கும் காப்பகம்

அன்புள்ள அம்மிணி,

பிள்ளைகள் காப்பகம் நடக்கிறது. நீ முதலில் அதைத்தான் கேட்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்கிறது, அதுவும் இப்போது அனுமதியோடு. இடையில் நின்றுபோக இருந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்கிற பெண்கள் இருட்டோடு வந்து கடை போடுகிறவர்கள். பூஜைக்குப் பூ வாங்குகிறவர்கள் விடிவதற்குள் வந்துவிடுவார்கள். அங்கன்வாடி திறக்கும் நேரத்தில் அன்றைய வியாபாரம் பாதி முடிந்திருக்கும். கைக்குழந்தையை அங்கே விடவும் முடியாது. அதனால்தான் நம் கீழ்வீட்டு முன்னறையை நீ காலை ஐந்து மணிக்கே திறந்துவைத்தாய். சட்டப்படி நடத்த வேண்டும் என்று அனுமதிக்கும் எழுதிப்போட்டாய். தீயணைப்புச் சான்று, போலீஸ் சான்று, பிள்ளைகளுக்கென்று தாழ்வாக ஒரு கழிப்பறை என்று அவர்கள் கேட்டதையெல்லாம் செய்து முடித்தபோது உனக்கு உடம்பு முடியாமல் போனது.

உன் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஹனூருக்குப் பஸ் ஏறிய மறுநாள், கதவைத் தட்டும் சத்தம். தேவகி நின்றிருந்தாள். இடுப்பில் அவள் மகள் கௌரி, தலையில் பூக்கூடை.

"கேக்கக்கூடாதுதானுங்ணா. அக்கா இல்லாத வீட்டுல எப்படிக் கேக்கறதுன்னு நேத்தெல்லாம் ரோசன பண்ணுனேன். கூடைக்குப் பக்கத்துல பனியில உக்கார வெச்சு இவளுக்குச் சளி கட்டிருச்சுங்ணா. ஒரு ரெண்டு நாளைக்கு மட்டும் வெச்சுக்கறீங்ளா?"

டிப்போவில் பஸ் எஞ்சின் பிரித்துப் போட்டே ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைக்குப் பால் எந்தச் சூட்டில் கொடுப்பது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் கையை நீட்டினேன். அந்த வாரமே மற்றவர்களும் வந்துவிட்டார்கள். வீடு அப்படி அமைதியாகக் கிடந்ததற்கு இந்தக் கூச்சல் எனக்கும் தேவைப்பட்டது, அம்மிணி.

பிறகு ஒரு நாள் குழந்தைகள் நலத் துறையிலிருந்து மேற்பார்வையாளர் அம்மா வந்தார். சுவரில் மாலையோடு இருந்த உன் படத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். விண்ணப்பம் உன் பெயரில் இருந்ததாம். நீ இல்லை என்றால் அதுவும் இல்லையாம். முதலிலிருந்து எழுதிப்போட வேண்டும் என்றார்.

"சரி மேடம், என் பேர்ல போடறேன்" என்றேன்.

"ஆகல்ல யஜமான்ரே" என்றார் கன்னடத்தில். முடியாது என்று அவர் சொன்னதில் கடுமை இல்லை. பச்சைக் குழந்தைகளைத் தூக்கிப் பார்த்துக்கொள்ள, பத்தாவது படித்து, பயிற்சி முடித்த ஒரு பெண் வேண்டும். நான் நிர்வாகியாக இருக்கலாம், ஆனால் நானும் பயிற்சிக்குப் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் இது நடக்காவிட்டால் மூடத்தான் வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை. நமக்கு ஒரு மகள் இருந்திருந்தால், முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் பிள்ளையை விடாதே என்று நாமும்தானே அவளுக்குச் சொல்லியிருப்போம்?

போகும்போது இன்னொன்றும் சொன்னார். அரசாங்க மானியத்துக்கும் எழுதலாம், கிடைத்தால் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம், பிள்ளைகளுக்கு முட்டை, பால் எல்லாம் வரும் என்றார். மனசு குளிர்ந்தது. நேரம் எப்படி என்று கேட்டேன். காலை ஒன்பதரையிலிருந்து மாலை வரை என்றார்.

அன்று சாயந்தரம் தாய்மார்களை முன்னறையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை என்றதும் ஒருத்தி, "வாங்கிக்கலாமே அண்ணா, யாரு குடுக்கறா?" என்றாள். தேவகிதான் குறுக்கே பேசினாள்.

"ஒம்பதரைக்குத் தொறந்தா அதுவரைக்கும் கொழந்தைக எங்கீங்ணா இருக்கும்? மறுபடியும் கூடைக்குப் பக்கத்துலதான். நான் பத்தாவது பாஸுங்ணா. கடைய எங்க நாத்தனா பாத்துக்குவா. நான் வர்றேன்."

"சம்பளத்துக்கு எங்க போறது தேவகி?"

"கொழந்தைகளுக்கு நாங்க குடுக்கறதையே கொஞ்சம் சேத்துக் குடுக்கறோம். அதுக்குள்ள எனக்கு ஆனதக் குடுங்க." மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தலையாட்டினார்கள். கூட்டிக் கொடுப்பது அவர்களுக்கு லேசா என்ன? முழம் போட்டு விற்கிறவர்கள்.

நானும் தேவகியும் பயிற்சிக்குப் போனோம். வகுப்பு முழுக்கச் சின்னப் பெண்கள், நான் ஒருத்தன்தான் ஆண். தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் எப்படி எடுப்பது என்று ஒரு ரப்பர் பொம்மையைக் கையில் கொடுத்தார்கள். பயத்தில் கீழே போட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. "தாத்தா, பொம்மைக்கு மொதல்ல ஃபர்ஸ்ட் எய்ட் குடுங்க" என்றது ஒரு பெண். நீ இருந்திருந்தால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பாய். கடைசி நாள் தட்டவேண்டிய இடத்தில் சரியாகத் தட்டினேன், கேட்டுக்கொள்.

புதிய விண்ணப்பத்தில் நேரம் காலை ஐந்து என்று எழுதியிருந்தேன். அலுவலகத்தில் அதைத் தப்பு என்று சுழித்தார்கள். மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய், "ஒரு நாள் அந்த நேரத்துக்கே வந்து பாருங்க மேடம்" என்றேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு முன்னறையில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார். கூடையை வாசலில் இறக்கிவைத்து, பிள்ளையை தேவகியிடம் கொடுத்து, மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடுகிற பெண்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். ஒரு பையன் தூக்கக் கலக்கத்தில் அவர் மடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டான். அவர் அசையவில்லை.

எழுந்து போகும்போது, "லைசென்ஸ் நன்ன கையல்லி இதெ. கிராண்ட் இல்லா" என்றார். அனுமதிக்குத் தன்னால் எழுத முடியும், மானியத்தின் நேரத்தை மாற்றுவது தன் கையில் இல்லை என்று அர்த்தம். உள்ளதைச் சொன்ன மனுஷி.

முந்தாநாள் அனுமதி வந்துவிட்டது. நேரம் ஐந்து என்றே போட்டிருக்கிறது. பொறுப்பாளர்கள் என்று என் பெயரும் தேவகி பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. எனக்கு ஏதாவது ஆனால் யாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. மானியத்துக்கும் எழுதிப்போட்டிருக்கிறேன், உள்ள நேரத்தை எழுதியே. பதில் இல்லை. இந்த ஒன்பதரை மணியை யார் முடிவுசெய்தார்கள், அம்மிணி? விடிகாலையில் சாமிக்குப் பூ வாங்கியவர் யாரும் அதை முடிவுசெய்த அறையில் இல்லையா? பூக்காரியின் பிள்ளை அந்நேரம் எங்கே இருக்கும் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

முட்டை இல்லை. கேழ்வரகுக் கஞ்சி இருக்கிறது. கௌரி கன்னடத்தில் எண்ணுகிறாள், தமிழில் சண்டை போடுகிறாள். உன்னைப் பார்த்தே இராத பிள்ளைகளும் இப்போது வருகின்றன. இன்று காலை ஒருத்தி தன் ஏழு மாதக் குழந்தையை முதல்முறையாகக் கொண்டுவந்தாள். தேவகி அடுப்படியில் இருந்ததால் நானே வாங்கினேன். தாய் தோளிலிருந்து என் தோளுக்கு மாறும்போது அது ஒரு முறை பெருமூச்சு விட்டது, விழிக்கவில்லை. வெளிச்சம் வரும்வரை அப்படியே நின்றிருந்தேன்.

மானியம் ஒன்பதரை மணியைக் கேட்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஐந்து மணிக்குச் சம்மதித்து வரும்வரை மாதாமாதம் அந்த அலுவலகப் படியேறுவேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
மாணிக்கம்