ஹந்தானைக்குப் பறந்த பொபின்

ஸுலைஹா,

என் வெள்ளைத் தாடி மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. உன் தையல் மெசினில் நூல் சுற்றும் பொபினை எடுத்தது மருமகள் றமீலா அல்ல, நான்.

தோட்டத்துத் துரை மீன் பிடிக்கப் போகிறார் என்று தூண்டில் முள்ளில் இறகு சுற்றிப் பொய் ஈ கட்டினேன். சுற்றும் நூல் தளராமல் இருக்க அதன் நுனியில் மரக்கட்டையைத் தொங்கவிட்டால், பெருத்த கட்டை, இறகைக் குலைத்தது. ஈயக்குண்டுக்குப் பட்டு நூல் அறுந்தது. உன் பொபின்தான் அளவான பாரம், நூல் இறுக்கமாய் நின்றது. ஈயும் அசலாய் வந்துவிட்டது. அதை ஒரு குருவி பொபினோடு கவ்விக்கொண்டு ஹந்தானை மலைக்குப் பறந்தது. நூல் மலைவரை நீண்டு, கொழுந்து பறிக்கும் பெண்கள் அதில் சீலை காயப்போட்டார்கள்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு றமீலாவின் வாப்பா அவளைக் கூட்டிப்போக வருகிறார். அதற்கு முன் நீயே வாய் திற. "போகாத புள்ள" என்றால் போதும், நின்றுவிடுவாள். சட்டியில் பலாக்காய்க் கறி இருக்கிறது, சம்பந்திக்கும் வை.

ஹபீல்

மறந்துவிட்டேன்: பொபினை மெசினில் போட்டுவிட்டேன். நீ அவளைத் திட்டிய மூன்று நாளும் அது என் கோட்டுப் பையில்தான் இருந்தது.