குழம்பில் இரண்டு மடங்கு உப்பு

பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, மதியம் ஒன்று இருபது. அம்மா சமைக்கும் ஓட்டலின் கூடத்தில் எழுபத்திரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எழுபத்து மூன்றாவது ஆள் நான்.

அன்புள்ள பெரிய மனுஷிக்கு, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கவேண்டும். இங்கே உன் அம்மா பிழைத்துவிட்டாள், அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மீதியை உட்கார்ந்து படி. அடுப்படியில் மயங்கி விழுந்தாள் என்று போனில் சொன்னது உண்மை, ஏன் விழுந்தாள் என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், எனக்குக் கோபம் வரும், பாதியில் வைத்துவிடுவேன். என் புத்தி உனக்குத் தெரியும், ஏழு வருடமாகப் பார்க்கிறாய்.

அந்த ஓட்டலின் ஏசி வேலை என்னுடையது. திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டு, கூடம் குளிரவே இல்லை, வருகிறவர்கள் திட்டுகிறார்கள் என்றார். அடுப்படிச் சுவரில் வெளிக்காற்று உள்ளே வர ஒரு திறப்பு உண்டு, வெயில் காற்று அது வழியாக வந்து கூடத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. தகடு வெட்டி, ஆறு திருகாணி போட்டு அடைத்தேன். இருபது நிமிட வேலை. கூடம் இருபத்து நாலு டிகிரிக்கு இறங்கியது, முதலாளி தோளில் தட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை. புகை இழுக்கும் விசிறிதான் ஓடுகிறதே என்று நினைத்தேன். உள்ளே காற்றே வராவிட்டால் விசிறி எதை இழுக்கும்? முதல் வருடப் பாடம். எட்டு அடுப்பு காற்றுப் போதாமல் எரிந்தால் விஷவாயு உண்டாகும், அதற்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அம்மா, "தலை கிண்ணுன்னு இருக்குங்க" என்றாள். மாத்திரை போட்டுக்கொள், தண்ணீர் குடி என்றேன், போனிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

வியாழக்கிழமை பக்கத்தில் வேலை இருந்ததால் சாப்பிட அங்கே போனேன். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருத்தர் இடத்துக்காக நின்றார். சோறு, குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம். முதல் வாயிலேயே குழம்பில் உப்பு இரண்டு மடங்கு. அம்மா சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கவே மாட்டாள், உள்ளங்கைதான் அவளுக்குத் தராசு, ஒரு நாளும் அது தவறியதில்லை. எதிரே இருந்த பெரியவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "என்னய்யா, கடலைக் கரைச்சு ஊத்திட்டாங்களா?" என்றார். நான் பரிமாறுகிற அண்ணனைக் கூப்பிட்டு, "வீட்டம்மாவுக்கு என் மேல கோபம்னா என் தட்டுல மட்டும் உப்பக் கொட்டச் சொல்லுங்க, மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க" என்றேன். மேசையே சிரித்தது. அவர் ரச வாளியோடு திரும்பி வந்து, "தங்கச்சி தரையில உக்காந்திருக்கு தம்பி, உப்புப் போட்டேனா போட்டேனான்னு மூணு தரம் கேட்டுச்சு" என்றார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன், ரசத்தை ஊற்றுங்கள் என்றேன். ரசம் சாப்பிட்டேன், மோருக்கும் சோறு வாங்கினேன். அவர் சொன்னதற்கும் நான் எழுந்ததற்கும் நடுவே ஏழு நிமிடம், கூடத்துக் கண்காணிப்பு கேமராவில் பிற்பாடு பார்த்தேன். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அம்மா மாவு மூட்டையை ஒட்டிக் கிடந்தாள். கூடச் சமைக்கும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். இரண்டு பேரையும் கொல்லைப்புறம் இழுத்துப் போட்டபின்தான் அந்தத் தகடு கண்ணில் பட்டது. நானே கழற்றினேன்.

அந்த அக்கா மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு இன்னும் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். என்னைத் தெரிகிறது, கை நடுங்குகிறது, கரண்டியைச் சீப்பு என்கிறாள், நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாயா என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு வாரம் போகட்டும் என்கிறார் டாக்டர், முழுதாகத் தேறியவர்களும் உண்டாம் தேறாதவர்களும் உண்டாம். அதற்கு மேல் நானாக ஒன்றும் சேர்த்துச் சொல்லமாட்டேன்.

இன்று சனிக்கிழமை காலை முதலாளி பழத்தோடு வந்தார். தகட்டை அப்புறப்படுத்திவிட்டாராம். அனல் தாங்காமல் சமையல்காரம்மாவே சாக்கை வைத்து அடைத்துவிட்டாள் என்று, விபத்தை விசாரிக்கும் ஆய்வாளரிடம் சொல்லப்போகிறாராம். "உன் லைசென்ஸ் தப்பிக்கும். அவங்களுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே, யாருக்கு நஷ்டம்?" என்றார். நான் உடனே அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதையும் நீ தெரிந்துகொள். மதியம் கஞ்சி ஊட்டும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கை தப்பிடுச்சுங்க, அத்தனை பேர் சாப்பாட்டையும் கெடுத்துட்டேன்" என்று அழுதாள். மயங்கி விழுந்தது நினைவில்லை, உப்பு மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், உன் படிப்பு ஒரு நாளும் தடைப்படக்கூடாது. உங்கள் அறையில் கேஸ் அடுப்பு இருந்தால் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் பற்றவைக்கவேண்டும், குளிர் என்று சாக்குச் சொல்லாதே. இனி நான் செய்யப்போவது:

1. நாளை ஞாயிறு. நான் வேலை பார்த்த மற்ற மூன்று ஓட்டல் அடுப்படிகளுக்கும் போய்க் காற்று வழியைப் பார்ப்பேன்.

2. திங்கள் காலை பத்து மணிக்கு ஆய்வாளரிடம் போய், அடைத்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஆறு திருகாணியும் என் பையில்தான் இருக்கின்றன.

3. லைசென்ஸைக் கேட்டால் கொடுத்துவிட்டு வருவேன்.

4. அம்மாவிடம், உன் கை தவறவில்லை, தவறியது என் கை என்று சொல்வேன். மறந்துவிட்டால் மறுநாளும் சொல்வேன்.

5. இருபத்தைந்தாம் தேதி உன் ரயில் வரும்போது ஸ்டேஷனில் நிற்பேன். நீ என்னிடம் பேசவேண்டாம். பெட்டியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நட.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பழுதுபார்க்க வந்த நாள் முதலாக உனக்கு அப்பா ஆகாமலே இருக்கும்
மெக்கானிக் சார்