மஞ்சக்கரு போன வழி

என்னங்க,

காலை ஷிப்ட், கிளம்பிட்டேன். ஓட்ஸ் அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். "இதெல்லாம் மனுஷன் திங்கிறதா?"ன்னு நேத்து மாதிரி கத்தாம சாப்பிடுங்க. தண்ணித் தொட்டி பாக்க பிளம்பர் வருவார். மாடிச் சாவி உங்க ஷூவுக்குள்ள இருக்கு. எடுக்கிற கையோட ஷூவையும் மாட்டிக்கிட்டு, அவர் வர்றதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துருங்க.

ராத்திரி நான் பேசாம படுத்தது, நீங்க டூல் பாக்ஸ்ல ஒளிச்சு வச்ச வெண்ணெய் பிஸ்கட்டுக்காக இல்ல. லேப்ல நம்ம ரெண்டு பேர் ரிசல்ட்டும் வாங்கிட்டு வந்தேன். உங்களுக்குக் கொழுப்பு நல்லா இறங்கியிருக்கு. எனக்குத்தான் எகிறியிருக்கு! உங்க தட்டுலேருந்து எடுத்த மஞ்சக்கரு, கோழித்தோல், வறுவல் எல்லாம் வீணாப் போகக் கூடாதேன்னு இத்தனை மாசமா நான்தானே உள்ள தள்ளினேன்? அவ்வளவு உபதேசம் பண்ணிட்டு உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

சிரிச்சு முடிச்சாச்சா?

பி.கு: பிஸ்கட்டைத் தேடாதீங்க. பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன். சத்தியமா நான் திங்கல.

இன்னொன்னு: நாளைலேருந்து நானும் நடக்க வரேன். விறுவிறுன்னு முன்னாடி போயிடாதீங்க.

ஓட்ஸை முழுசா காலி பண்ணிடாதீங்க. பாதி எனக்கு.