இடது கையை விட்டுவிடச் சொன்னேன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். என் சுகத்தை வழக்கம்போல் ஒரு வரியில் முடித்துவிடப் பார்த்தேன், இந்த முறை முடியவில்லை. இதயத்தில் இரண்டு இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்று போனில் சொன்னதுமே நீ அழ ஆரம்பித்துவிட்டாய், அதனால் மீதியைச் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு குழாய் வைத்துத் தைக்க வேண்டும், அதை என் உடம்பிலிருந்தே எடுப்பார்களாம். முக்கியமான இடத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு தமனி, அதில் சர்ஜனுக்குச் சந்தேகமே இல்லை. இன்னொன்றுக்குக் கால் சிரையை எடுக்கலாம், அல்லது முன்கைத் தமனியை எடுக்கலாம், கையில் எடுப்பது கூடுதல் வருடம் உழைக்கும், ஆனால் சிலருக்குக் கட்டைவிரல் பக்கம் சில மாதம் மரத்துப்போகும், வீட்டில் கலந்து பேசிச் சொல்லுங்கள் என்றார். யாருடன் என்று நான் கேட்கவில்லை. உங்க வயசுக்குக் காலே போதும்மா என்று அவருடைய உதவியாளர் இடையில் சொன்னார். என் வயதைக் கணக்குப் போட அவர் யார், கையிலேயே எடுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

பிறகு ஒரு பெண் டாக்டர் என் மணிக்கட்டை இரண்டு பக்கமும் அழுத்தி, கையை மூடித் திறக்கச் சொல்லி, ஒரு பக்கத்தை மட்டும் விட்டு, உள்ளங்கையில் நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள். இரண்டு கையும் தேர்ச்சி. எந்தக் கையால எழுதுவீங்கம்மா என்றாள். வலது என்றேன். அப்போ இடதுலயே எடுத்துக்கலாம் என்று குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் பார்த்தேன், சாவி இடது கையில் இருந்தது. கத்தி, கத்தரிக்கோல், தாழ்ப்பாள், மாத்திரை அட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், எல்லாம் அந்தக் கைதான். கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலால் அடித்து மாற்றியது எழுத்தை மட்டும். உன் மகள் பென்சிலை எந்தக் கையில் எடுத்தாலும் விட்டுவிடு, திருத்தாதே. உன் அப்பாவுக்குத் தெரியும், நான் காய் நறுக்கும்போது முழங்கை இடிக்காமல் எப்போதும் என் வலது பக்கமாக வந்து நிற்பார். அவர் போன பிறகு பக்கத்தில் வந்து நிற்க ஆளில்லை, எனக்கே இது மறந்துபோயிருக்கிறது.

தப்பாகப் பதில் சொன்னேன் என்று போய்ச் சொல்ல இரண்டு நாள் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் போனேன். நல்லவேளை சொன்னீங்க, இல்லேன்னா ஆபரேஷன் முடிஞ்சதும் என்னைத் திட்டியிருப்பீங்க என்று அந்தப் பெண் சிரித்தாள். இப்போதும் திட்டத்தான் வந்திருக்கிறேன், எழுதுவதைத் தவிர கைக்கு வேறு வேலையே கிடையாதா என்றேன். வலதில் எடுக்கலாம், இல்லையென்றால் காலுக்கே போகலாம் என்றார் சர்ஜன். கால் புண்ணோடு தனியாக இரண்டு மாடி ஏறி இறங்க முடியாது. கதவு திறக்கவும் அடுப்பு பற்றவைக்கவும் இடது கை வேண்டும். வலது கைக்கு இந்த வீட்டில் உனக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அதனால் இடதை விட்டுவிடுங்கள், வலதில் எடுங்கள் என்றேன். பேனா சரியாகப் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகலாமாம்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, வீடு திரும்பிய பின் உடன் இருப்பவர் யார் என்று. கண் அறுவைச் சிகிச்சைக்குப் போனபோது கீழ்வீட்டு டீச்சர் பெயரைப் போட்டேன், இப்போதும் அவர் நான் இருக்கேனே என்றுதான் சொன்னார். நான் உன் பெயரை எழுதிவிட்டேன், உன்னைக் கேட்காமல். உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம், குழந்தைக்குப் பள்ளி இருக்கிறது, எல்லாம் தெரியும். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை காலை. நீ வர வேண்டும். இப்படி நான் உனக்கு இதுவரை எழுதியதில்லை.

உங்கள் மூவருக்கும் என் ஆசிகள். வரும் தேதியை முன்கூட்டியே சொல், உன் அறையைத் துடைத்து வைக்க இரண்டு கையும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா